டேங்க் கவர் தத்துவ விசாரம்

இருசக்கர வாகனத்தின் உறுப்புகளில் மிகுந்த அன்புக்கும் மிகக் குறைந்த ஆராய்ச்சிக்கும் உரியது அதன் மேற்பூச்சு. எஞ்சினைப் பற்றி நூல்கள் உண்டு. மைலேஜைப் பற்றித் தெருவுக்கு ஒரு நிபுணர் உண்டு. டயருக்கு எவ்வளவு காற்று அடிக்க வேண்டும் என்பது குறித்துப் பஞ்சர் கடைகளில் தீராத தர்க்கம் உண்டு. பெயின்ட் விஷயத்தில் மட்டும் “கீறல் விழாமல் பார்த்துக்கொள்” என்ற ஒற்றைச் சூத்திரத்துக்கு மேல் நம் சிந்தனை வளரவில்லை. சூத்திரம் இருந்தும் உரை இல்லாத இக்குறையைப் போக்கப் புகுந்ததே இவ்வாராய்ச்சி. கீறல் ஏன் விழக்கூடாது, விழாமல் காப்பவர் யாருக்காகக் காக்கிறார், காக்கப்பட்ட பொருளை இறுதியில் யார் கண்டு களிக்கிறார் என்னும் மூன்று வினாக்களை எடுத்துக்கொண்டு, கிடைத்த சான்றுகளைச் சீர்தூக்கியபின் வந்தடைந்த முடிபை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஒரு மோட்டார் சைக்கிளின் பெயின்ட் அதை வாங்கியவருக்குச் சொந்தமானது அன்று. பின்னாளில் அவரிடமிருந்து வாங்கப்போகிறவருக்கே சொந்தமானது. முதல் உரிமையாளர் அந்தப் பெயின்ட்டின் தர்மகர்த்தா, அவ்வளவே.

இதை நிறுவுமுன் காக்கப்படும் பொருள் எது என்று வரையறுத்துக்கொள்வது நலம். டேங்க் என்பது பெரும்பாலும் எஃகுத் தகடு. ஆலையில் அந்தத் தகட்டை எண்ணெய்ப் பிசுக்கு நீங்கக் கழுவி, பாஸ்பேட் கரைசலால் பதப்படுத்தி, அதன்மேல் பிரைமர், அதன்மேல் நிறம், அதற்கும் மேலே நிறமே இல்லாத ஒரு பூச்சு என்று அடுக்குகிறார்கள். கடைசியாக வரும் இந்தப் பூச்சைத் தொழிலில் இருப்போர் கிளியர் கோட் என்பர். எல்லா அடுக்கும் சேர்ந்து ஏறத்தாழ பத்தில் ஒரு மில்லிமீட்டர் கனம் வரும்; ஒரு ஜெராக்ஸ் தாளின் கனமும் அதுவே. லட்ச ரூபாய் வண்டியின் மானம் ஒரு தாள் கனத்தில் நிற்கிறது என்பதை வாசகர் இங்கே சற்று நின்று எண்ணுக. அதிலும் நாம் தொடுவதும் துடைப்பதும் கீறுவதும் பெரும்பாலும் அந்தக் கிளியர் கோட்டை மட்டுமே. சிவப்பு வண்டி வைத்திருப்பவர் பலர் சிவப்பைத் தொடாமலே காலம் தள்ளிவிடுகிறார்கள். மெல்லிய கீறல் எந்த நிற வண்டியிலும் வெளுத்தே தெரிவதற்கும் இதுதான் காரணம்: கீறப்பட்டது நிறம் அன்று, நிறத்தின்மேல் கிடக்கும் படலம். வெளுப்புக்கு மாறாகப் பிரைமரோ தகடோ தெரியுமாயின் அது கீறல் என்னும் நிலையைக் கடந்துவிட்டது. அதை டிங்கரிங் சாத்திரத்தார் வசம் ஒப்படைத்துவிட்டு நாம் மேலே செல்கிறோம்.

இந்தப் படலத்தின் கடினத்தை அளக்க உலகெங்கும் பெயின்ட் ஆய்வுக்கூடங்கள் கையாளும் கருவி பென்சில். மெய்யாகவே பென்சில்தான். 6பி, எச்பி, 2எச் என்று படம் வரைவோர் வாங்கும் அதே வரிசைப் பென்சில்களை 45 பாகைச் சாய்வில் பிடித்துப் பூச்சின்மேல் தள்ளுவார்கள். எந்தப் பென்சில் வரைக்கும் பூச்சு கீறல்படாமல் தாங்குகிறதோ அதுவே அதன் தரம். எதிர்த்தரப்பில் நிற்பது நம் சாலைப் புழுதி. அதில் கணிசமான பங்கு மணல். மணலில் பெரும்பங்கு குவார்ட்ஸ். பிரெடரிக் மோஸ் என்ற ஜெர்மானியக் கனிமவியலார் 1812இல் வகுத்த பத்துப் படிக் கடின வரிசையில் குவார்ட்ஸ் ஏழாம் படியில் அமர்ந்திருக்கிறது. பேனாக்கத்தியின் எஃகுக்கும் அதற்குக் கீழேதான் இடம். ஆகப் போர் நடப்பது பென்சிலால் அளக்கப்படும் ஒரு படலத்துக்கும் எஃகைக் கீறும் ஒரு கல்லுக்கும் இடையில். ஷோரூம் வாசலை வண்டி தாண்டும்போதே வெற்றி தோல்வி தீர்மானமாகிவிடுகிறது. எனவே சாலையில் ஓடியும் கீறலே விழாத டேங்க் என்று ஒன்றைத் தர்க்க நூலார் கேட்க நேர்ந்தால் முயற்கொம்பு, ஆகாயத்தாமரை ஆகியவற்றுக்கு அடுத்த இடத்தில் அதைச் சேர்த்திருப்பர்.

இத்தனை தெரிந்தும் தெரியாமலும் மனிதன் என்ன செய்கிறான் என்பது முதற்சான்று. புது வண்டி எடுக்கும் நாளில் பில்லை நோக்குக. வண்டியின் விலை, வரி, இன்சூரன்ஸ், பதிவுச் செலவு என்று வரிசையாக வந்து, இறுதியில் எக்ஸ்ட்ரா பிட்டிங்ஸ் என்ற பகுதி இருக்கும். டேங்க் கவர், சீட் கவர், கிராஷ் கார்டு முதலியவை அங்கே வாழ்கின்றன. நிறத்தைத் தேர்ந்தெடுக்கக் குடும்பமே கூடி ஆலோசித்திருக்கும். வீட்டுக்காரம்மா நீலம் என்பார், மகன் கறுப்பு என்பான், ஜோசியர் வெள்ளை என்பார், ஷோரூம்காரர் ஸ்டாக்கில் இருப்பது சிவப்பு என்பார். இவ்வளவு போராட்டத்துக்குப்பின் வந்துசேர்ந்த நிறத்தின்மேல், நம்பர் பிளேட் வருமுன்னே, கறுப்பு ரெக்சின் போர்த்தப்படுகிறது. புல்லட்டின் கதை இன்னும் ஆழமானது. 1955 முதல் சென்னையில் வேர்விட்ட அந்த வண்டியின் டேங்கில் ஓடும் பொன்னிறக் கோட்டை ஓவியர்கள் தூரிகை பிடித்துக் கையாலேயே இழுப்பது திருவொற்றியூர் ஆலையின் புகழ்பெற்ற வழக்கம். அளவுகோல் வைக்காமல், மூச்சை அடக்கி இழுத்த கோடு. அதைப் பெருமையோடு விலை கொடுத்து வாங்கியவர் அன்று மாலையே அதன்மேல் பெல்ட் வைத்த கவரை இழுத்துக் கட்டுகிறார். சட்டமும் இதில் உதவிக்கு வரவில்லை. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆம் விதி, பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் காப்பு வேண்டும் என்று பின்னால் அமர்பவரின் உடையை நினைவில் வைத்திருக்கிறது. சேலைக்கு விதி உண்டு, பெயின்ட்டுக்கு இல்லை. சட்டம் கைவிட்ட இடத்தில்தான் ரெக்சின் நுழைகிறது.

தன் கண்ணுக்கே மறைத்து வைக்கும் ஒரு பொருளை ஒருவன் தனக்காகக் காக்கிறான் என்று கொள்ளுதல் பொருந்துமோ? பொருந்தாது. நகையைப் பெட்டியில் பூட்டுபவரும் கல்யாணத்துக்குக் கல்யாணம் எடுத்து அணிகிறார். டேங்க் கவரைக் கல்யாணத்துக்காகக் கழற்றிய வரலாறு இல்லை. ஆயுத பூஜையன்றும் சந்தனமும் குங்குமமும் கவரின் மேலேயே வைக்கப்படுகின்றன. மாலை ஹேண்டில்பாரில் தொங்குகிறது. சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுங்குகிறது. வண்டியின் பிரதான தினத்திலும் பெயின்ட்டுக்குத் தரிசனம் தரும் பேறு கிட்டவில்லை. இதிலிருந்து பெறப்படுவது யாது எனின், பெயின்ட் காக்கப்படுவது காண்பதற்கு அன்று, ஒப்படைப்பதற்கு என்பதாம்.

அற்றேல், காப்பாவது சரியாக நடக்கிறதா என்று வினவலாம். நடக்கவில்லை. கவர் பெயின்ட்டைக் காக்கிறது என்பது எல்லோரும் ஒப்பும் கொள்கை. எல்லோரும் ஒப்புவதாலேயே ஐயத்துக்கு உரியது. ரெக்சின் உறை டேங்கோடு ஒட்டிப் பிறந்தது அன்று. அதன் ஓரங்களில் சந்து இருக்கும், சந்தில் காற்று புகும், காற்றோடு மேற்சொன்ன ஏழாம் படிக் கல்லின் துகள்கள் புகும். புகுந்தவை வெளியே வர வழியில்லை. கீழே எஞ்சின் அதிர்கிறது, மேலே ஓட்டுபவரின் தொடை அழுத்துகிறது. உள்ளே அகப்பட்ட மணல் நாள் முழுதும் முன்னும் பின்னும் அசைகிறது. உப்புத்தாள் வேலை செய்யும் முறை இதுவே. ஒரு வேறுபாடு, உப்புத்தாளை நாம் வேண்டியபோது நிறுத்தலாம். மழை பெய்தால் இன்னொரு கேடு: உள்ளே போன நீர் உலராமல் கிடந்து பூச்சை மங்கவைக்கும். ஆண்டுகள் சென்று கவரைக் கழற்றும்போது டேங்கில் இரு நாடுகளைக் காட்டும் தேசப்படம் ஒன்று தெரியும். வெளியே இருந்த பகுதி வெயிலில் வெளிறி நிற்கும். உள்ளே இருந்த பகுதி நிறம் மாறாமல், பளபளப்பு மட்டும் செத்து நிற்கும். பழைய பொறியாளர்கள் இவ்விஷயத்தில் தெளிவானவர்கள். மைசூரில் தயாரான ஜாவா வண்டிகளில் முழங்கால் உரசும் இடம் எதுவோ அங்கே மட்டும் டேங்கின் இருபுறமும் ரப்பர் பட்டை வைத்தார்கள். மிச்ச இடத்தை உலகம் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

கவர் போடாத உத்தமர்களும் உளர். அவர்கள் துடைப்பவர்கள். காலையில் பல் துலக்குமுன் பழைய பனியன் ஒன்றை எடுத்து, நீர் தொடாமல், டேங்கை வட்ட வட்டமாகத் துடைக்கும் மரபினர். இரவெல்லாம் படிந்த புழுதியைத் துணியால் அழுத்திப் பூச்சின்மேல் நடைபயிற்றுவதற்கு இதைவிட நல்ல முறை இல்லை. பயன் உடனே தெரியாது. ஒருநாள் தெருவிளக்கின் கீழ் வண்டியை நிறுத்தும்போது, விளக்கின் பிம்பத்தைச் சுற்றிச் சிலந்தி வலைபோல் வட்டக் கீறல்கள் ஒளிரும். உண்மையில் அவை வட்டமாக இருக்க வேண்டியதில்லை. எல்லாத் திசைகளிலும் ஆயிரக்கணக்கான நுண்கீறல்கள் கிடக்க, ஒளியை நம் கண் நோக்கித் திருப்பும் சாய்வில் உள்ளவை மட்டுமே பளிச்சிடுவதால் வட்டமாகத் தோன்றுகின்றன. தலையை நகர்த்தினால் வட்டமும் கூடவே நகரும். துடைப்பு ஏறஏற இந்த வலையும் அடர்த்தியாகிறது. அதாவது அன்பு மிகுந்த டேங்கே அதிகம் கீறப்பட்ட டேங்க். இதைப் போக்கப் பாலிஷ் போடலாமே என்பர். பாலிஷ் என்பது கீறலை நிரப்புவதன்று. கீறாத இடத்தையும் கீறலின் ஆழத்துக்குத் தேய்த்துக் கொண்டுவருவது. ஊனம் உள்ளவனை நலமாக்க மாட்டாமல் நலமாக இருப்போர் எல்லோரையும் அந்த அளவுக்குக் குறைத்துச் சமன்செய்யும் வைத்தியம். தாள் கனத்தில் எத்தனை முறை இப்படிச் சமன்செய்ய முடியும் என்பதைக் கணக்கில் வல்லார் காண்க. பற்பசை தேய்ப்பதும் இக்கொள்கையின் குடிசைத் தொழில் வடிவமே. பல்லைத் தேய்க்கும் நுண்பொடி பெயின்ட்டையும் தேய்க்கிறது. மேட் பினிஷ் வண்டி வாங்கியோருக்கு இந்தச் சுகமும் இல்லை. தேய்த்த இடம் மட்டும் பளபளத்துக் காட்டிக்கொடுக்கும்.

இனிக் கீறலின் வகைகள். நம் இலக்கண நூலார் வினையைப் பகுத்த முறையே இங்கும் போதுமானது என்பது எம் துணிபு. வண்டிக்காரர் தாமே இழைப்பது தன்வினைக் கீறல். பெல்ட் பக்கிள் டேங்கின் பின்பகுதியில் எழுதுவது, வீட்டுச் சாவியும் பீரோ சாவியும் முருகன் வேலும் கோத்த கொத்து சாவித் துளையைச் சுற்றி ஊசலாடித் தேய்ப்பது, மேற்படி பனியன் ஆகியவை இதில் அடங்கும். பணம் கொடுத்துப் பிறரைக்கொண்டு செய்விப்பது பிறவினைக் கீறல். வாட்டர் வாஷில் எல்லா வண்டிக்கும் பொதுவான ஒரு துணி இருக்கும். முந்தைய வண்டியின் சேற்றிலிருந்து மணலைச் சேமித்து அடுத்த வண்டிக்கு வழங்குவது அதன் தொண்டு. பஸ் நிலையத்து டூவீலர் ஸ்டாண்டில் டோக்கன் வாங்கி விட்டுவிட்டுப் போனால், மாலைக்குள் அவ்வண்டி பின்பக்கம் தூக்கப்பட்டும் பக்கவாட்டில் இழுக்கப்பட்டும் இரண்டு வரிசை தள்ளிப் போயிருக்கும்; அண்டை வண்டியின் கிளட்ச் லீவர் நம் டேங்கைத் தடவிப் பார்த்திருக்கும். மூன்றாவது வகை தோன்றா எழுவாய்க் கீறல். செயல் உண்டு, செயப்படுபொருள் உண்டு, செய்தவர் மட்டும் வாக்கியத்தில் இல்லை. கடை வாசலில் பத்து நிமிடம் நிறுத்திவிட்டுத் திரும்பும்போது காத்திருப்பது இதுவே. வண்டிக்காரர் அக்கம்பக்கம் பார்க்கிறார், அருகே நிற்கும் வண்டிகளின் ஹேண்டில்பார் உயரத்தை ஒப்பிடுகிறார், டீக்கடைக்காரரைக் குறுக்கு விசாரணை செய்கிறார். எழுவாய் கிடைப்பதில்லை. மூன்று வகையிலும் மனத்தை அதிகம் வருத்துவது இதுதான் என்பது கவனிக்கத்தக்கது. தன்வினைக் கீறல்கள் எண்ணிக்கையில் பன்மடங்கு மிகுந்தும் அவற்றைக் குறித்து எவரும் தம்மைத் தாமே குறுக்கு விசாரணை செய்துகொள்வதில்லை.

தெய்வச் செயலும் உண்டு. வெயிலில் நிறுத்தினால் புற ஊதாக் கதிர் நிறமிகளைச் சிதைக்கும். நிழலில் நிறுத்தலாம் என்றால் நம் ஊரில் நிழல் என்பது மரம், மரம் என்பது காக்கை. பறவை எச்சத்தில் யூரிக் அமிலம் இருப்பது ஒருபுறமிருக்க, அதைவிட நுட்பமான வேலை ஒன்று நடக்கிறது. வெயிலில் சூடேறிக் கிளியர் கோட் சற்றே இளகும். எச்சம் அதன்மேல் காய்ந்து இறுகும். மாலையில் குளிர்ந்து கெட்டிப்படும் பூச்சு அந்த எச்சத்தின் அச்சை அப்படியே வாங்கிக்கொள்ளும். கழுவியபின்னும் தழும்பு தெரிவது இதனால். போதாக்குறைக்கு வண்டியின் அமைப்பிலேயே பகை இருக்கிறது. டேங்கின் வாயில் ஊற்றப்படும் பெட்ரோல் ததும்பி வழிந்து பூச்சில் கறை போடும். முன் டிஸ்க் பிரேக் உள்ள வண்டியில் பிரேக் ஆயில் டப்பா ஹேண்டில்பாரில், ஏறத்தாழ டேங்கின் தலைமாட்டில் இருக்கிறது. டாட் 3, டாட் 4 வகைப் பிரேக் ஆயில் பெயின்ட்டை உரித்தெடுக்கும் ஆற்றல் வாய்ந்தது. உரிமையாளரின் பார்வை எல்லாம் எதிரே வரும் லாரிமேல் இருக்கிறது.

நவீன விஞ்ஞானம் இவற்றுக்குத் தீர்வு கண்டுவிட்டதாகக் கூறுவோர் அடுத்து வருகின்றனர். முதலாவது செராமிக் கோட்டிங். 9எச் கடினம் என்று விளம்பரத்தில் பெரிதாகப் போட்டிருக்கும். வைரத்துக்கு ஒரு படி கீழே என்று வாங்குபவர் எண்ணிக்கொள்கிறார். அந்த 9 மோஸின் வரிசையில் வரும் 9 அன்று. மேலே சொன்ன பென்சில் வரிசையில் வரும் 9. அதாவது மிகக் கடினமான பென்சிலாலும் கீற முடியாது என்பதே உறுதிமொழி. சாலையில் பென்சில்கள் பறந்து வரும் ஊருக்கு இது உகந்தது. நீர் முத்து முத்தாக உருண்டோடும், அழுக்கு எளிதில் கழலும் என்பன மெய்யான நன்மைகள். அவற்றை நாம் மறுக்கவில்லை. இரண்டாவது, பிபிஎஃப் என்று வழங்கும் ஒளி ஊடுருவும் பாலியுரித்தேன் படலம். ஹெலிகாப்டரின் சுழலும் தகடுகளை மணல் அரிக்காமல் காக்க ராணுவத்துக்குப் பயன்பட்ட சரக்கின் வாரிசு இது. உண்மையிலேயே வேலை செய்யும். சிறு கீறல் விழுந்தால் வெயிலில் வைத்தாலே இளகி மறைந்துவிடும் வகைகளும் உண்டு, வெயிலுக்கு நம்மிடம் குறைவில்லை. ஆயின் இதன் கனம் பெரும்பாலும் 150 முதல் 200 மைக்ரான். பெயின்ட்டின் எல்லா அடுக்கும் சேர்ந்தே 100 மைக்ரான் அளவுதான் என்று முன்னரே கண்டோம். காக்கப்படும் பொருளைவிடக் காவல் ஒன்றரை மடங்கு, இரு மடங்கு பருமன். அத்துடன் நிற்பதுமில்லை. இவ்வளவு விலை கொடுத்து ஒட்டிய படலம் கீறல் படலாமா என்று அதன்மேல் செராமிக் கோட்டிங் அடிப்பார்கள். அந்தக் கோட்டிங் கெடாமலிருக்க அதற்கென்று தனி ஷாம்பு. எல்லாம் முடிந்தபின் வண்டி முழுவதையும் தார்ப்பாய் போன்ற பாடி கவரால் மூடுவார்கள். அந்தக் கவருக்கும் வெயில் ஆகாது என்று வண்டியை ஷெட்டுக்குள் தள்ளுவார்கள். ஒன்றைக் காக்க ஒன்று, அதைக் காக்க வேறொன்று என்று முடிவின்றிச் செல்லும் இப்பிழையைத் தர்க்க நூலார் அநவஸ்தை என்பர். சீட்டின்மேல் சீட் கவரும், சீட் கவர் அழுக்காகாமலிருக்க அதன்மேல் ஷோரூம் பாலிதீனும் இருக்கும் நாட்டில் இதை விளக்க உதாரணம் தேட வேண்டியதில்லை.

இனி மறுப்புகள். துருவே காரணம், பூச்சு போனால் தகடு அரிக்கும், எனவே காப்பது தன்னலமே என்பார் ஒரு சாரார். துரு மெய். ஆனால் அது வழக்கமாகத் தொடங்கும் இடங்களை நோக்குக: சைலென்சர், ஸ்டாண்ட், சேற்றுக்கும் உப்புக்காற்றுக்கும் இலக்கான அடிப்பகுதி, நீர் தங்கிய டேங்கின் உட்புறம். இவ்விடங்களுக்கு எவரும் கவர் தைத்ததில்லை. மாறாக இன்று பல வண்டிகளில் சைடு பேனலும் முன் மட்கார்டும் பிளாஸ்டிக். அவை துருப்பிடிக்க வழியே இல்லை. அவற்றின்மேல் விழும் கீறலுக்கும் வீட்டில் அதே துக்கம் அனுசரிக்கப்படுகிறது. எனவே இம்மறுப்பு நில்லாது. டிவிஎஸ் எக்ஸ்எல் வைத்திருப்போர் ஏன் இதையெல்லாம் செய்வதில்லை என்பது அடுத்த கடா. இது வலுவான கேள்வி. 1980இல் வந்த டிவிஎஸ் 50 தொடங்கி இன்றுவரை அந்தக் குலத்து வண்டிகள் பால் கேனையும், இளநீர்க் குலையையும், சிமென்ட் மூட்டையையும், சமயத்தில் ஒரு ஆட்டையும் சுமந்து திரிகின்றன. கயிறு உராய்ந்து, கேன் இடித்துப் பெயின்ட் போய், வண்டி எஃகின் இயல்பான நிறத்துக்கு வந்திருக்கும். உரிமையாளர் கலங்குவதில்லை. காரணம், அவர் ஒருவரே பெயின்ட்டையும் சேர்த்து விலை கொடுத்து வாங்கியவர். தம் பொருளைத் தாமே செலவழிக்கிறார். அவரிடமிருந்து வாங்குபவரும் எஞ்சினைத்தான் வாங்குகிறார். தர்மகர்த்தா முறை எங்கே இல்லையோ அங்கே கவரும் இல்லை என்பதால், இம்மறுப்பு நம் கொள்கைக்கு அரண் செய்வதாயிற்று.

மிகப் பெரிய மறுப்பு வருமாறு: ரீசேல் மதிப்புக்காகத்தானே காக்கிறோம், விற்கும்போது பணம் நமக்குத்தானே வரும்? இதைச் சொல்வோர் தாம் எந்தப் பக்கம் வாதாடுகிறோம் என்பதை அறியாதவர். மோட்டார் வாகனச் சட்டப்படி ஒரு சொந்த உபயோக வண்டியின் பதிவு 15 ஆண்டு செல்லும். அதில் ஐந்தாறு ஆண்டு, நிறத்தைப் பார்க்காமல், புழுக்கமான ரெக்சின்மேல் வயிற்றைச் சாய்த்து ஓட்டி, இறுதியில் படிவம் 29லும் 30லும் கையெழுத்திட்டு, மூடி வைத்த அழகை மூடியபடியே இன்னொருவரிடம் கொடுப்பவரைத் தர்மகர்த்தா என்னாமல் வேறென்ன என்பது? கிடைக்கும் பணத்தையும் பார்ப்போம். வாங்க வருபவர் முதலில் மீட்டரைப் பார்ப்பார், ஆர்சியில் எத்தனையாவது ஓனர் என்று பார்ப்பார், எஞ்சினை உதைத்துக் காதைச் சாய்ப்பார், டயரின் பட்டனை நகத்தால் அளப்பார். பெயின்ட் நன்றாக இருந்தால் “ரீபெயின்ட்டா?” என்று சந்தேகிப்பார், நன்றாக இல்லாவிட்டால் விலையைக் குறைப்பார். இரண்டிலும் விற்பவருக்கு லாபமில்லை. அன்றுதான் கவர் கழற்றப்படுகிறது. விற்பவரோ அந்நேரம் வந்தவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார், டேங்கைப் பார்ப்பதில்லை. வண்டியின் பெயின்ட் தன் முதல் வாழ்வில் கண்ட ஒரே பார்வையாளர் வாங்க வந்தவர். அவரும் வீட்டுக்குப் போகும் வழியில் புதுக் கவர் வாங்கிவிடுவார் என்பது அவர் தர்மகர்த்தா பதவி ஏற்றதற்கு அறிகுறி.

இந்தப் பதவியிலிருந்து விடுதலையே இல்லையா எனின், உண்டு, முதல் கீறல். அது விழுந்த அன்று வீட்டில் சாப்பாடு இறங்காது. மறுநாள் எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்ப்பார். மூன்றாம் நாள் வாட்டர் வாஷுக்குப் போகாமல் விடுவார். ஒரு மாதத்தில் வண்டியைச் சுவரில் சாய்த்து நிறுத்தவும், டேங்கின்மேல் அரிசிப் பையை வைத்து ஓட்டவும், பிள்ளையை அதில் உட்காரவைக்கவும் தேறிவிடுவார். குறையில்லாமல் ஒப்படைக்க முடியாது என்று ஆனவுடன் பொருள் அவருக்கே உரியதாகிவிடுகிறது. ஆர்டிஓ அலுவலகம் தரும் பதிவுச் சான்று வண்டிக்கு. பெயின்ட்டுக்கு முதல் கீறலே பதிவுச் சான்று. இதனால் ஷோரூம்களுக்கு ஒரு யோசனை கூற விரும்புகிறோம்: எக்ஸ்ட்ரா பிட்டிங்ஸ் பட்டியலில் கவருக்குப் பதிலாக முதல் கீறலைச் சேர்த்து, பூஜை முடிந்ததும் டேங்கின் மூலையில் விரற்கடை அளவு ஒன்றைப் போட்டே வண்டியைக் கொடுக்கலாம். வாடிக்கையாளருக்கு ஒரு மாதத் துன்பம் மிச்சம். கவர் போட்டவர்களுக்கு மட்டும் இந்த வழி அடைபட்டுக் கிடக்கிறது. அவர்களுடைய டேங்கிலும் கீறல்கள் விழுந்துகொண்டுதான் இருக்கின்றன. ரெக்சினுக்கு அடியில் நடப்பதால் அவர்களுக்குச் செய்தி வந்துசேர்வதில்லை. என்றைக்கோ முடிந்துபோன பதவியில் இன்னும் இருந்துகொண்டிருக்கிறார்கள்.

ஆகவே பழைய வண்டி வாங்குவோருக்கு ஒரு வேண்டுகோள். விலை பேசி முடித்து அட்வான்ஸ் கொடுத்தபின், விற்பவரைக் கையைப் பிடித்து அழைத்துவந்து, வண்டியை வெளிச்சத்தில் நிறுத்தி, அந்த டேங்கை அவருக்கு ஒரு முறை காட்டுங்கள். படிவம் 29இல் அவர் கையெழுத்துப் போடுமுன் காட்டிவிடுங்கள். போட்டபின் அவர் பார்ப்பது உங்கள் பெயின்ட்.